மயக்கமும் தூக்கமும்

மயக்க மருந்து கொடுப்பவர் நோயாளியிடம் "தூங்கப் போறீங்க" என்கிறார். இந்த வாக்கியம் எனக்கு உறுத்துகிறது. தூங்குகிறவரைத் தொட்டால் விழிப்பார். மயக்கத்திலிருப்பவரை அறுத்தாலும் விழிக்கமாட்டார். தமிழில் இரண்டுக்கும் தனிச் சொற்கள் உண்டு. இருந்தும் ஒன்றை மற்றதன் பெயரால் அழைக்கிறோம்.

நம்பத்தக்க பதிவுள்ள முதல் மயக்க அறுவை ஒரு பெண்ணின் மார்பில்தான் நடந்தது. 1804 அக்டோபர் 13-ல் ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ 60 வயதுப் பெண்ணொருத்தியின் புற்றுக்கட்டியை அகற்றினார். அவர் தந்த கஷாயத்தில் பிரதானம் ஊமத்தை. நம் சாலையோரங்களில் சீந்துவாரற்றுக் கிடப்பது. 1811-ல் பாரிஸில் நாவலாசிரியை ஃபேனி பர்னி கொஞ்சம் மதுவை மட்டும் குடித்துவிட்டு மார்பை இழந்தார். ஜப்பானின் அடைத்த கதவைத் தாண்டி ஊமத்தைச் செய்தி ஐரோப்பாவுக்குப் போயிருக்கவில்லை. மாதக்கணக்கில் அதைப் பற்றிப் பேசவே முடியவில்லை என்று அக்காவுக்குக் கடிதம் எழுதினார் பர்னி.

1846-ல் பாஸ்டனில் ஈதர் பகிரங்கமாக வென்றது. 1888, 1889-ல் நிஜாமின் ஹைதராபாதில் எட்வர்ட் லாரியின் குளோரோஃபார்ம் கமிஷன்கள் விசாரித்தது, முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று. கண் விழிப்பாளா என்பதே அன்றைய பயம். விழித்தபின் வரும் இரவு எவர் கணக்கிலும் இல்லை.

பெரிய அறுவைக்குப் பின் முதல் ஓரிரு இரவுகளில் கனவுத் தூக்கம் அநேகமாக அற்றுப்போகிறது. பிறகு மிகையாகத் திரும்புகிறது, சிலருக்குக் கெட்ட கனவுகளோடு. காயத்தின் அழற்சி, வலி, வார்டு விளக்கு எல்லாம் காரணம். வலிக்குத் தரும் மார்ஃபின் வகை மருந்தும் காரணம். முதுகெலும்பை ஒட்டி நரம்பை மரக்கச் செய்யும் ஊசியைப் போட்டால் அம்மருந்தின் தேவை குறைகிறது.

2019-ல் லான்செட் வெளியிட்ட ஆய்வு, இந்த ஊசியோடு ப்ரோபஃபால் தந்தால் மார்புப் புற்று திரும்புவது குறையுமா என்று 2108 பெண்களிடம் பார்த்தது. குறையவில்லை. ஆகவே மயக்கும் முறை எதுவானாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. பெரிய நியாயம் விலகிக்கொண்டதால், வலி, தூக்கம் என்கிற சிறிய நியாயங்களுக்கு இடம் கிடைக்கிறது.

மூன்று ஷிப்டு ஓடும் நெய்வேலியில், சுரங்கத்திலிருந்து வந்தவனின் பகல் தூக்கத்துக்காக வீடே குரலைத் தாழ்த்தும். அறுவை முடிந்து வந்து இரவெல்லாம் விழித்துக் கிடப்பவளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. "தூங்கத்தானே வச்சாங்க, அப்புறம் ஏன் தூக்கம் வரல?" என்று எங்கள் வட்டத்தில் ஒருத்தி கேட்டாள். தூங்கவைத்ததாகச் சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். மயக்கம் என்றே சொல்லியிருந்தால், அன்றிரவு வலிக்கு என்ன தருவீர்கள் என்று முன்பே கேட்டிருக்கக்கூடும்.