இலண்டன் தெருக்களில் மொர்மன் இளைஞர்கள்

இலண்டனில் கழுத்துப்பட்டியும் கறுப்புப் பெயரட்டையும் அணிந்து இருவர் இருவராக நடக்கும் இளைஞர்களை நான் அடிக்கடி காண்பதுண்டு. இவர்கள் மொர்மன் திருச்சபையின் ஊழியர்கள். அத்திருச்சபையினர் பிரித்தானியாவில் ஊழியத்தைத் தொடங்கியது 1837 இல்.

ஆண்கள் 18 வயதிலேயே புறப்படலாம். அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு 18 மாதங்கள். சம்பளம் கிடையாது. போகும் நாட்டையும் அவர்கள் தெரிவுசெய்வதில்லை. அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியிலுள்ள தலைமையகமே அனுப்புகிறது.

வழமையாகக் காலை 6.30க்கு எழும்ப வேண்டும். வேதப் படிப்பு முடிந்ததும் வீதிகளிலும் வீடுகளிலும் ஆட்களைச் சந்திப்பார்கள். இரவு 10.30க்கு உறக்கம். துணை ஊழியரை விட்டுத் தனியே எங்கும் போக முடியாது. ஞாயிறு ஆராதனை. வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கள், உடுப்புத் துவைக்கவும் கடைக்குப் போகவும் வீட்டாருக்கு எழுதவும் ஒதுக்கப்பட்டுள்ளது.

2019 பெப்ரவரி வரை வீட்டாருடன் தொலைபேசியில் பேச ஆண்டில் இரண்டு நாட்களே வழக்கத்தில் இருந்தன: நத்தார், அன்னையர் தினம். அதன்பின் வாரந்தோறும் பேசலாம் என்றானது.

அவர்களின் போதனை எனக்குரியதல்ல. கதவைத் தட்டினால் 'வேண்டாம்' என்றே சொல்கிறேன். ஆனால், எங்கோ ஒரு தாய் அந்தப் பிள்ளையின் குரலுக்காகக் காத்திருப்பாள் என்பதால், அதை முகம் சுளிக்காமல் சொல்கிறேன்.