போல்ட்டைக் கழற்றினால் வேறு கார்!

பழைய கார்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள்... 'ஒரு மாடலின் பானெட்டைக் கழற்றி, அதே ஜாடையில் இருக்கும் இன்னொரு மாடலில் மாட்டலாமா?'

உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்! 'கூடவே கூடாது, ஒரிஜினல் போச்சு' என்பது ஒரு கட்சி. 'பொருந்துதா? அப்புறம் என்ன, மாட்டு' என்பது இன்னொரு கட்சி. இந்த இரண்டு கட்சிக்கும் அறுபது வருஷத்துக்கு மேலாகத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கிற கார் ஒன்று உண்டு. டிரையம்ஃப் ஹெரால்ட்! மெட்ராஸ்வாசிகளுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று சொன்னால் சட்டென்று புரியும். மூக்கு, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து, இன்ஜின் மொத்தமும் வெளியே தெரியுமே... அதே வண்டிதான்.

இந்தக் காரில் பாகங்களை மாற்றி மாட்ட முடிவதற்குக் காரணம், இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரச் சண்டை!

கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனி, கார் பாடிகளை வெளியே வாங்கிக்கொண்டிருந்தது. முக்கியமாக ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியிடம். 1953-ல் அந்தக் கம்பெனியை பி.எம்.சி. வளைத்துப் போட்டது. பி.எம்.சி. யார்? ஆஸ்டினும் மோரிஸும் ஒன்றாகச் சேர்ந்து உருவான நிறுவனம். அதாவது, பரம எதிரி! இத்தனை நாள் தண்ணீர் இறைத்த கிணற்றைப் பங்காளி விலைக்கு வாங்கிவிட்ட கதைதான். புதிதாக வரப்போகிற சின்ன காருக்கு பாடி கிடைக்காது என்று ஆகிவிட்டது.

அந்தக் காலகட்டத்தில் ஃபேஷன் என்னவென்றால், பாடியும் சேஸிஸும் தனித்தனியாக இல்லாமல், தகடுகளை வெல்டிங் வைத்து ஒரே கூடாகச் செய்வது. அதற்கு ராட்சத பிரஸ் மெஷின்கள் உள்ள பெரிய ஆலை வேண்டும். அது கைவிட்டுப் போயிற்று. இன்ஜினீயரிங் தலைவர் ஹாரி வெப்ஸ்டர் என்ன செய்தார்? உலகமே கைவிட்டுக்கொண்டிருந்த பழைய முறைக்குத் திரும்பினார். அடியில் தனி சேஸிஸ். மேலே பாடி... அதுவும் துண்டு துண்டாக! ஒரு துண்டு இந்தத் தொழிற்சாலையில், இன்னொன்று வேறு ஊரில். எல்லாவற்றையும் கோவென்ட்ரிக்குக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கினால் கார் ரெடி. அழகாக வரைந்து தர இத்தாலியிலிருந்து ஜியோவானி மிக்கெலோட்டி கிடைத்தார். இல்லாதவன் கோலத்தில் இப்படி ஓர் அழகு!

1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுக விழா. பாகங்களை மேடைக்குக் கொண்டுவந்து, பார்வையாளர்கள் கண்ணெதிரிலேயே பூட்டி, காராக்கிக் காட்டினார்கள். ஓட்டையையே வித்தையாக்கிவிட்ட சாமர்த்தியம்!

வித்தைக்கு விலையும் இருந்தது. இணைப்பு இருக்கிற இடமெல்லாம் மழை ஒழுகியது, மேட்டில் ஏறி இறங்கினால் தகடு தாளம் போட்டது. ஆனால் கம்பெனிக்கு வேறொரு லாபம். கூரையைக் கழற்றி வேறு பின்பாதி வைத்தால் கன்வர்ட்டிபிள், நீட்டிவிட்டால் எஸ்டேட் என்று, ஒரே சேஸிஸில் குடும்பம் பெருகியது. 1962-ல் ஆறு சிலிண்டர் இன்ஜினோடு விட்டெஸ் வந்தது. உடம்பு ஹெரால்டுடையது, மூக்கு மட்டும் புதுசு, சாய்ந்த இரட்டை ஹெட்லைட்டுகள். 1967-ல் ஹெரால்ட் 13/60 வந்தபோது அந்த விட்டெஸ் மூக்கையே கொஞ்சம் மாற்றி, ஒற்றை லைட் வைத்து மாட்டினார்கள். ஆக, பானெட் மாற்றும் வேலையைத் தொடங்கிவைத்ததே கம்பெனிதான். இன்றைக்கு ஹெரால்டில் விட்டெஸ் பானெட் மாட்டுகிறவரைப் பார்த்து 'ஒரிஜினலைக் கெடுத்தான்' என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால், போல்ட் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பானெட்டின் கீல்களை மில்லிமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய தகடு சொருகி உயரம் பார்க்க வேண்டும். ஒரு மூலையைத் தூக்கினால் எதிர் மூலையில் கதவு இடுக்கு அகன்றுவிடும். அனுபவசாலிகள் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுகிறார்கள்.

தகராறு வருவது காசு விஷயத்தில்தான். ஸலூனின் கூரையைக் கழற்றிவிட்டு 'ஃபேக்டரி கன்வர்ட்டிபிள்' என்று கூடுதல் விலைக்கு விற்றால்? பிடித்துவிடலாம். அசல் கன்வர்ட்டிபிளாக இருந்தால், எண் தகட்டில் நம்பருக்குப் பின்னால் 'சி.வி.' என்று இருக்கும். தகட்டையும் மாற்றி அடித்துவிட்டால்... அது டிங்கரிங் இல்லை, திருட்டு.

பிரிட்டிஷ் அரசு நீண்ட காலம் ஒரு மார்க் சிஸ்டம் வைத்திருந்தது. புதுப்பித்த வண்டி பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 14-க்கு 8 மார்க் வேண்டும். சேஸிஸுக்கு 5, இன்ஜினுக்கு 1. ஹெரால்ட் மாதிரி தனி சேஸிஸ் வண்டியில் கதவு, கூரை, பானெட்டுக்கு? சைபர்! வெளியே கண்ணுக்குத் தெரிகிற எதற்குமே மார்க் கிடையாது. 2025-ல் இந்த விதிகளைத் தளர்த்திவிட்டார்கள்.

மெட்ராஸ் இந்தக் கதைக்குள் வருவது 1961-ல். துண்டு துண்டாக வருகிற கார் என்பதால், பெட்டியில் கட்டிக் கப்பலேற்றவும் வசதி. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ஹெரால்டைத் தயாரித்தது. முதலில் இரண்டு கதவு. ஆனால் நம்மூரில் கார் என்றால் ஆத்தா, அப்பா, அத்தை, குழந்தைகள் எல்லோரும் ஏறியாக வேண்டுமே! பக்கத்தில் நிற்கும் அம்பாஸடரும் ஃபியட்டும் நாலு கதவு. 1960-களின் பிற்பகுதியில் ஹெரால்ட் மார்க் 3 நாலு கதவோடு வந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நாலு கதவு வந்ததே இல்லை. தொடர்ந்து வந்த கெஸலும் 1970-களிலேயே நின்றுபோனது.

விளைவு இன்றைக்குத் தெரிகிறது. இங்கிலாந்தில் 1971 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டுகள் தயாராயின. அங்கே ஒருவருக்குக் கதவு துருப்பிடித்தால், தேட இடமும் கேட்க ஆளும் உண்டு. மார்க் 3 வைத்திருக்கும் சென்னைக்காரர் பின்கதவுக்கு அங்கே எழுதிக் கேட்க முடியாது. முன்கதவும் உதவாது. இரண்டு கதவு வண்டியின் கதவு நீளம், இவருடையது குட்டை. ஆக, ஒரு மார்க் 3 பிழைக்க, இன்னொரு மார்க் 3 உயிரை விட வேண்டும்.

அப்படி ஒன்று எங்கேயாவது காயலான் கடைக்கு வந்தால், முதலில் கழற்றுவது பின்கதவுகளைத்தான். தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, இன்னொரு வண்டியின் நிறத்தை அடித்து மாட்டிவிடுகிறார்கள். அந்த வண்டியின் ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பர் இருக்கிறது, இன்ஜின் நம்பர் இருக்கிறது. கதவு கொடுத்துவிட்டுப் போன வண்டியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.