கண்ணாடித் தட்டில் ஆண்ட்ரோமெடா: ஒரு படமும் மாறிய பெயர்களும்

1888 டிசம்பர் 29 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு அருகிலுள்ள மகல் என்னும் ஊரில், ஐசக் ராபர்ட்ஸ் தம் 20 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கியை ஆண்ட்ரோமெடா நெபுலாவை நோக்கித் திருப்பி, நான்கு மணி நேரம் ஒளிப்படத் தட்டைத் திறந்து வைத்தார். வேல்சில் பிறந்த ராபர்ட்ஸ் கட்டுமானத் தொழிலில் பொருளீட்டியவர். வானியல் அவருடைய பிழைப்பன்று, ஈடுபாடு. ஆயினும், அதுவரை மங்கலான நீள்வட்டப் புகையாகவே அறியப்பட்டிருந்த ஆண்ட்ரோமெடாவின் சுருள் அமைப்பை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது அவருடைய ஒளிப்படமே.

நான்கு மணி நேரம் ஏன் தேவைப்பட்டது? மனிதக் கண் ஒளியைச் சேமிப்பதில்லை. எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் மங்கலான பொருள் மங்கலாகவே தெரியும். ஒளிப்படத் தட்டோ சொட்டுச் சொட்டாக விழும் ஒளியைச் சேர்த்து வைக்கும். ஆனால் பழைய ஈரக் கொலோடியன் தட்டு சில நிமிடங்களிலேயே உலர்ந்து பயனற்றுப் போகும். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்னும் மருத்துவர் முன்வைத்த உலர் ஜெலட்டின் முறைதான் நீண்ட நேரப் படப்பிடிப்புக்கு வழி திறந்தது. இன்னொரு தடையாக இருந்தது பூமியின் சுழற்சி. அதை ஈடுசெய்யக் கடிகாரப் பொறி தொலைநோக்கியை மெல்லத் திருப்பும். பொறி பிசகினால் கையால் திருத்த வேண்டும். அதற்காகவே ராபர்ட்ஸ் தம் கருவியோடு வழிகாட்டியாக 7 அங்குலத் தொலைநோக்கி ஒன்றையும் பொருத்தியிருந்தார்.

இந்த வழியில் அவருக்கு முன்னோடிகள் இருந்தனர். 1880இல் நியூயார்க் மருத்துவர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடங்களில் முதன்முதலாகப் படமெடுத்தார். 1883இல் சுகாதாரப் பொறியாளரான ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன், லண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த 36 அங்குலக் கருவியால், கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களையும் அதே நெபுலாவின் படத்தில் பதித்துக் காட்டினார். தொடக்கக் கால விண் ஒளிப்படக்கலையின் இந்த மைல்கற்கள் பெரிய அரசு ஆய்வகங்களிலிருந்து வந்தவை அல்ல, ஆர்வலர்களிடமிருந்து வந்தவை.

படத்தில் ராபர்ட்ஸ் கண்டது என்ன? லாப்லாசின் கருதுகோள்படி, சுழலும் வாயு முகிலிலிருந்து ஒரு சூரியக் குடும்பம் உருவாகும் காட்சி. இலத்தீனில் ‘நெபுலா’ என்றால் மூடுபனி. பெயரே வாயுவை நினைவூட்டியபோது, படமும் வாயுவாகவே வாசிக்கப்பட்டது. 1845இல் ரோஸ் பிரபு மற்றொரு சுருளைக் கண்ணால் கண்டு கையால் வரைந்தபோது, வரைந்த கையை ஐயுற இடமிருந்தது. ஒளிப்படம் அந்த ஐயத்தை அகற்றியது. ஆனால் காண்பது எது என்ற கேள்விக்குப் படம் தானாக விடை சொல்லவில்லை.

விடைக்கான பாதையிலும் ஆர்வலர்களின் கருவிகள் உண்டு. காமனின் 36 அங்குலத் தொலைநோக்கி எட்வர்ட் கிராஸ்லியின் கைக்கு மாறி, 1895இல் அமெரிக்காவின் லிக் ஆய்வகத்துக்குக் கொடையாகச் சென்றது. 1898 முதல் அதனைக் கொண்டு ஜேம்ஸ் கீலர் எடுத்த படங்கள், சுருள் நெபுலாக்கள் அரியவை அல்ல, வானெங்கும் பரந்தவை என்று காட்டின. 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனில் எட்வின் ஹப்பிள், ஆண்ட்ரோமெடாவின் தட்டொன்றில் ‘நோவா’ எனக் குறித்திருந்த புள்ளியின் குறியை அடித்துவிட்டு, அது மாறுவிண்மீன் என்று வியப்புக்குறியோடு எழுதினார். அந்த விண்மீனின் ஒளிமாற்றக் காலம் தொலைவைக் கணக்கிட உதவியது. அவர் பெற்ற மதிப்பு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 25 லட்சம். அந்த மூடுபனி நம் பால்வழிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் திரள் என்பது உறுதியாயிற்று. எனினும் ஹப்பிள் 1936இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலும் ‘நெபுலா’ என்ற சொல்லையே ஆண்டார். பொருள் மாறிய பின்னும் பெயர் சில காலம் தங்கியே இருந்தது.

ராபர்ட்ஸின் விளக்கம் தவறு. அவருடைய படம் தவறன்று. அறிவியல் வரலாற்றை எழுதும்போது விளக்கத்தைத் தந்தவருக்கே முதலிடம் தருவது வழக்கம். அந்த வழக்கப்படி ராபர்ட்ஸ் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறார். ஆனால் விளக்கத்தோடு சேர்ந்து வீழாத சான்றை உருவாக்குவதும் அறிவுப் பணியே.

இது முடிந்துபோன கதையுமன்று. 2022இல் யான் சேன்டி, மார்சல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் ஆகிய ஆர்வலர்கள், 106 மில்லிமீட்டர் தொலைநோக்கியால் பல இரவுகள் ஒளி சேர்த்து, அதே ஆண்ட்ரோமெடாவின் அருகே அதுவரை எவரும் பதிவு செய்யாத நீண்ட ஆக்சிஜன் ஒளிவில்லைக் கண்டறிந்தனர்; 2023 ஜனவரியில் அது ஆய்வுக்குறிப்பாக வெளிவந்தது. அந்த வில் ஆண்ட்ரோமெடாவைச் சார்ந்ததா, நம் பால்வழிக்குள்ளேயே இருப்பதா என்ற விவாதம் உடனே எழுந்தது. அருகிலா தொலைவிலா என்பது ராபர்ட்ஸின் படத்தைச் சூழ்ந்திருந்த கேள்வியும்கூட. இம்முறையும் படம் முதலில் வந்துவிட்டது. அதற்கு உரிய பெயர் பின்னால் வரும்.