எரித்த கதையும் எழுதிய கையும்

குழியாடிக்குக் கதிர்ப்படம் தப்பாகப் போட்டு வகுப்பில் பெஞ்ச் மேல் ஏறி நின்றவன் நான். முதன்மை அச்சுக்கு இணையாக வருகிற கதிர் குவியம் வழியாகப் போகும், வளைவு மையம் வழியாக வருகிற கதிர் வந்த வழியே திரும்பும், இரண்டும் வெட்டுகிற இடத்தில் பிம்பம். பாடம் அவ்வளவுதான். யார், எங்கே, எதற்காக இதை யோசித்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. வாத்தியார் வாய்வழியாகச் சொன்ன 'வரலாறு' ஒன்று உண்டு: ஆர்க்கிமிடீஸ் கண்ணாடி காட்டி ரோமானியக் கப்பல்களை எரித்தார்.

இந்தக் கதையாடலைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். சிரக்யூஸ் முற்றுகை நடந்தது கி.மு. 213-212இல். ஆர்க்கிமிடீஸின் பொறிகளை விவரிக்கிற பொலிபியஸ், லிவி இருவருமே கண்ணாடி பற்றி மூச்சு விடவில்லை. கண்ணாடியை விரிவாகப் பேசுகிற அந்தீமியஸ் கி.பி. 6ஆம் நூற்றாண்டுக்காரர். எழுநூறு வருஷ இடைவெளி! சரி, கணக்காவது தேறுமா? கோளக் குழியாடியின் குவியம் வளைவு ஆரத்தில் பாதித் தூரத்தில் விழும். ஐம்பது மீட்டரில் நிற்கிற கப்பலை ஒரே கண்ணாடியால் எரிக்க நூறு மீட்டர் ஆரம் வேண்டும். பார்த்தால் ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும் அது. 1747இல் பிரான்சில் புஃபோன் மரப்பலகையை எரித்துக் காட்டியபோதும் சின்னச் சின்ன தட்டைக் கண்ணாடிகளைத்தான் வரிசையாகப் பூட்டினார். அதுவும் அசையாமல் நின்ற பலகை.

எரிகண்ணாடியின் கணிதம் வேறு இடத்தில் இருக்கிறது. கி.மு. 200ஐ ஒட்டி டயோக்ளிஸ் என்ற கிரேக்கர், பரவளைய ஆடி இணைகதிர்களை எல்லாம் ஒரே புள்ளியில் சேர்க்கும் என்று நிறுவினார். அவருடைய கிரேக்க மூலம், பிறர் எடுத்தாண்ட சில துண்டுகள் போக, தொலைந்துவிட்டது. பிழைத்தது அரபு மொழிபெயர்ப்பு. ஈரானின் மஷ்ஹத் நூலகச் சுவடியை வைத்து டூமர் 1976இல் அதைப் பதிப்பித்தார். கிரேக்கன் கிரேக்கனாக நமக்குக் கிடைப்பதற்கே அரபி தேவைப்பட்டிருக்கிறது.

அரபியில் இது வெறும் பாதுகாப்புப் பெட்டகமாக இருக்கவில்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் (சுமார் 965-1040) கோள எரிகண்ணாடியைத் தனி நூலாகவே ஆராய்ந்தார். ஆடியின் மேல் அச்சைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்தில் படும் இணைகதிர்கள் அச்சில் ஒரு புள்ளியில் கூடும். இன்னொரு வட்டத்துக்கு இன்னொரு புள்ளி. ஓரத்துக் கதிர்கள் ஆடிக்குக் கிட்டவே கூடிவிடும். கோளத்துக்குக் கறாரான ஒற்றைக் குவியம் கிடையாது என்பதுதான் இதன் பொருள். பாடப்புத்தகம் நமக்குச் சொன்ன 'குவியம்' ஒரு சௌகரியமான தோராயம் என்பதை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். அதற்காகவா பெஞ்ச் மேல் நின்றேன்?

அவருடைய 'கிதாப் அல்-மனாஸிர்' இதைவிடப் பெரிய உடைப்பு. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற யூக்ளிடின் பார்வைக் கோட்பாட்டை அது கவிழ்த்தது. பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணுக்குள் நுழைகிறது. கோள ஆடியில், பொருளும் கண்ணும் இருக்கிற இடம் தெரிந்தால் ஒளி எந்தப் புள்ளியில் பட்டுத் திரும்பும்? நாலாம் படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் விடுகிற கேள்வி இது. அவர் அதிபரவளையத்தை வட்டத்தோடு வெட்டவிட்டுத் தீர்த்தார். 17ஆம் நூற்றாண்டில் ஹைகென்ஸ் மறுபடி இதோடு மல்லுக்கட்டினார்.

1572இல் பாசல் நகரில் ரிஸ்னர் இந்த நூலின் லத்தீன் வடிவத்தை அச்சிட்டார். 'அரபியரான அல்ஹாஸென்' என்று தலைப்பில் பேர் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் முகப்புச் சித்திரத்தைப் பாருங்கள்: கரையில் கண்ணாடி, கடலில் தீப்பிடித்த கப்பல்கள். அரபியின் புத்தகத்துக்கு வாசலில் ஆர்க்கிமிடீஸ் காவல்! இதைச் சதி என்று நான் சொல்ல மாட்டேன். சதி தேவையே இல்லை, பழக்கமே போதும். எங்கள் வாத்தியார் எந்தச் சதியில் இருந்தார்?

சித்திரத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. லத்தீன் வடிவத்தில் முதல் நூலின் முதல் மூன்று அத்தியாயங்கள் கிடையாது. பார்வை பற்றிய ஆராய்ச்சிக்கு இயற்கை அறிவும் கணிதமும் சேர்ந்தே வேண்டும் என்று அவர் தன் முறையை வாதாடுகிற இடம் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பா முடிவுகளைப் படித்தது, முன்னுரையைப் படிக்கவில்லை. சாப்ரா 1989இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த அத்தியாயங்கள் இருக்கின்றன. நான் படித்தது அதில்தான்.