வாசலும் இசைத்தட்டும்

1935ஆம் வருஷம் உலகின் இரண்டு மூலைகளில், ஒன்றையொன்று அறியாமல், இரண்டு காரியங்கள் நடந்தன. செப்டம்பர் 30ஆம் தேதி பாஸ்டன் நகரில் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' ஆபெரா முதன்முதலாக மேடையேறியது. பத்து நாட்களில் நியூயார்க்குக்கு வந்து 124 தடவை ஆடப்பட்டது. அதே வருஷம் தமிழில் 'பக்த நந்தனார்' படம் வெளியாயிற்று. கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்துப் பாடினார். படத்தின் வேர் 1860களின் தொடக்கத்தில் அச்சான கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. ஆபெராவும் கீர்த்தனையும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி, அந்த வெளியில் பிறக்காதவர்கள் இயற்றியவை. இரண்டும் முழு உருவில் வாழ்ந்ததைவிடத் தனிப் பாட்டுகளாக வாழ்ந்ததே அதிகம்.

கெர்ஷ்வினின் ஆபெராவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஒரு பழைய வழக்கை இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். சாஸ்திரியப் பாடகர்களும் பெரிய வாத்தியக் குழுவும் பதிவு செய்த முழு ஆபெரா உயர்ந்ததா, ஜாஸ்காரர்கள் அதிலிருந்து எடுத்துத் தம் போக்கில் வாசித்த தட்டுகள் உயர்ந்தவையா என்பது வழக்கு. முன்னது மூலத்துக்கு விசுவாசம், பின்னது சுதந்திரம் என்று வாதம் நடக்கிறது. வழக்கே தவறாகத் தொடுக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாடகத்திலிருந்து ஒரு பாட்டைப் பிரித்தெடுக்கும்போது, அது எந்த வாசலில் நின்று பாடப்பட்டதோ அந்த வாசலும் கூட வருகிறதா? கேட்கவேண்டிய கேள்வி இதுதான். நந்தன் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல.

'போர்கி' நடப்பது சார்ல்ஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய கறுப்பின மக்களின் குடியிருப்பில். கால் ஊனமான பிச்சைக்காரன் போர்கி. அவனிடம் வந்து தங்கிப் பிறகு போய்விடும் பெஸ். சுற்றிலும் மீனவர்கள், அவர்கள் மனைவிமார், தெருவில் நண்டு விற்கிறவன். துபோஸ் ஹேவர்ட் 1925இல் எழுதிய நாவல், 1927இல் நாடகமாகி, பின்பு ஆபெரா ஆயிற்று. 1934 கோடையில் கெர்ஷ்வின் சார்ல்ஸ்டனுக்கு அருகில் ஒரு தீவில் தங்கி, அங்குள்ள கறுப்பின மக்களின் ஜெபக்கூட்டப் பாட்டுகளைக் கேட்டார். அவரே ருஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்களின் மகன். அவருக்கும் சில கதவுகள் மூடியிருந்தன. ஆனால் அவை வேறு கதவுகள்.

இந்த ஆபெராவிலிருந்து உலகெங்கும் போன பாட்டு 'சம்மர்டைம்'. உண்மையில் அது ஒரு தாலாட்டு. ஜேக் என்ற மீனவனின் மனைவி கிளாரா தன் குழந்தைக்குப் பாடுகிறாள். அப்பனும் அம்மாவும் பக்கத்தில் இருக்கிறார்கள், பயம் வேண்டாம் என்பது அதன் சாரம். பிறகு புயல் வருகிறது. ஜேக்கின் படகு கவிழ்கிறது. அவனைத் தேடிப் போன கிளாராவும் திரும்புவதில்லை. அந்தக் குழந்தைக்கு அதே தாலாட்டைப் பெஸ் பாடுகிறாள். முதல் தடவை வாக்குறுதியாக ஒலித்தது, இப்போது பொய்த்துப்போன வாக்குறுதியாக ஒலிக்கிறது. சொல் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை. இடையில் கடல் வந்துவிட்டது. தூத்துக்குடிக் கரையில் இருப்பவனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒகி புயல் நம் தென்கரையில் எத்தனை வீடுகளின் தாலாட்டை ஒப்பாரியாக மாற்றியது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் தனித்தட்டில் முதல் தாலாட்டு மட்டும்தான் இருக்கிறது. பாட்டு இனிமையாகப் போனதற்குக் காரணம் அதிலிருந்து புயலைக் கழித்துவிட்டதுதான்.

தட்டுகளின் சரித்திரம் இன்னும் கசப்பானது. மேடையேறிய சில நாட்களுக்குள், 1935 அக்டோபரிலேயே, விக்டர் கம்பெனி இதன் பாட்டுகளைப் பதிவு செய்தது. பாடியவர்கள் மேடையில் போர்கியாகவும் பெஸ்ஸாகவும் நின்ற டாட் டங்கனும் ஆன் பிரவுனும் அல்லர். மெட்ரோபாலிடன் ஆபெராவின் வெள்ளைப் பாடகர்களான லாரன்ஸ் டிபெட்டும் ஹெலன் ஜெப்சனும். கெர்ஷ்வினே உடனிருந்து மேற்பார்த்தார். மெட்ரோபாலிடன்காரர்கள் போர்கியின் தட்டில் பாடலாம். போர்கியாக நடித்தவர் மெட்ரோபாலிடனில் பாட முடியாது. அந்த மேடையில் முதல் கறுப்பினப் பாடகியாக மரியன் ஆண்டர்சன் நின்றது 1955 ஜனவரியில்தான். டங்கனும் பிரவுனும் பாடிய டெக்கா தட்டுகள் 1940இல் பதிவாயின. அதைக் கேட்க கெர்ஷ்வின் உயிரோடு இல்லை; 1937இலேயே, 38 வயதில், இறந்துவிட்டார்.

ஆனால் இதே டங்கனும் பிரவுனும் 1936 மார்ச்சில் செய்த காரியம் எந்தத் தட்டிலும் இல்லை. நாடகம் வாஷிங்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனபோது, கறுப்பின மக்களை உள்ளே விடாத அரங்கில் பாட மாட்டோம் என்று நடிகர்கள் மறுத்தார்கள். அரங்கு இணங்க வேண்டிவந்தது. அந்தச் சில நாட்களுக்கு வாசல் திறந்தது. நாடகம் ஊரைவிட்டுப் போனதும் மூடிக்கொண்டது. ஆபெராவின் மிகச் சிறந்த காட்சி, கெர்ஷ்வின் எழுதாத இந்தக் காட்சிதான். அதே வருஷம் கறுப்பின இசைஞர் ஹால் ஜான்சன் இந்த ஆபெராவைப் பற்றி விரிவாகவே விமர்சனம் எழுதினார். வெளியிலிருந்து வந்தவர் எவ்வளவு தூரம் உள்ளே போக முடியும் என்பது அன்றே எழுந்த பிரச்னை.

பகல் முழுதும் பிறர் பணத்தை எண்ணிப் பிழைக்கிறவன் நான். ஒரு தொகை யார் பெயரில் வரவாகிறது என்று பார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் இந்தத் தட்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஜாஸ்காரர்கள் செய்ததை வெறும் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது. அது ஒரு மீட்பு. 1936 ஜூலையில் பில்லி ஹாலிடே 'சம்மர்டைம்' பாடினார். 1957இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் சேர்ந்து பதிவு செய்தார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் கரடுமுரடான குரல் தாலாட்டுக்குள் நுழையும்போது, மூலத்தில் இந்தத் தாலாட்டைப் பாடாத அந்த அப்பனே வந்து நிற்பதுபோல் இருக்கிறது. நீனா சிமோன் பெஸ்ஸின் பாட்டைப் பாடி 1959இல் புகழ் பெற்றார். கறுப்பினப் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிப் பாட்டின் தலைப்பிலேயே வைத்திருந்த கொச்சை வினைவடிவை அவர் நேராக்கிப் பாடினார். உதிர்த்தது ஒரே ஓர் எழுத்து. ஒரு முழுக் கட்டுரை செய்கிற காரியத்தை அது செய்கிறது.

1958இல் மைல்ஸ் டேவிஸும் கில் எவன்ஸும் செய்தது மேலும் துணிச்சலானது. சொற்களையே அகற்றிவிட்டார்கள். 'சம்மர்டைம்' டிரம்பெட்டில் அடங்கிய தொனியில் நகர்கிறது. பின்னால் மற்ற வாத்தியங்கள் ஒரே சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப, ஓயாத அலையைப் போல் வாசிக்கின்றன. தாலாட்டுக்கு அடியில் கடலை வைத்துவிட்டார்கள். ஆபெரா மூன்று மணி நேரத்தில் சொல்வதை மூன்று சொச்சம் நிமிஷத்தில் கேட்கிறோம். தெருவில் மீனும் பழமும் நண்டும் விற்கும் குரல்களுக்கும் அந்தத் தட்டில் இடம் கிடைத்தது. தனிப் பாட்டுகளை மட்டும் பொறுக்குகிறவர்கள் விட்டுவிடும் பகுதி அது.

இதனால் முழுப் பதிவுகள் வீண் என்று ஆகாது. கெர்ஷ்வின் எழுதியதை எதையும் வெட்டாமல் லோரின் மாசெல் கிளீவ்லாண்ட் வாத்தியக் குழுவுடன் பதிவு செய்தது 1975இல். நாற்பது வருஷம் ஆகியிருந்தது. மறு வருஷம் ஹூஸ்டன் ஆபெராவின் பதிவு. 1988இல் சைமன் ராட்டிலின் பதிவு. இவற்றில்தான் தாலாட்டு புயலைக் கடந்து திரும்பி வருகிறது. முழுமை என்பது நீளம் அல்ல. ஒரு பாட்டு இரண்டாம் தடவை வரும்போது என்ன ஆகிறது என்று காட்டுவது.

இப்போது நந்தனுக்கு வருவோம். சேக்கிழாரின் நந்தன் கதையில் ஆண்டை கிடையாது. வேதியர் என்ற அந்தப் பாத்திரம் கோபாலகிருஷ்ண பாரதியின் சிருஷ்டி. சிதம்பரம் போக அனுமதி கேட்கும் பண்ணையாளிடம் 40 வேலி நிலத்தையும் முதலில் அறுத்து முடிக்கச் சொல்கிற ஆண்டை. பக்திக் கதைக்குள் கூலியும் நிலமும் நுழைந்தது இவ்விதம்தான். நொண்டிச் சிந்து போன்ற ஜனங்களின் மெட்டுகளும் கூடவே நுழைந்தன. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நூலின் இலக்கணப் பிழைகளுக்காகச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கி, பாட்டைக் கேட்டு உருகிப் பிறகு தந்தார் என்பதை உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரின் ஹரிகதையில் இது பெரிய வடிவம் பெற்றது. அங்கே பாட்டும் கதையும் பிரியவில்லை. 'வருகலாமோ' என்ற கீர்த்தனை வரும்போது, கேட்பவன் முன்னால் சிதம்பரத்தின் எல்லை இருந்தது.

1935 படத்தில் ஒரு விசித்திரம். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர்; நந்தனாக நடித்தவர் நாடக மேடையிலிருந்து வந்த சுந்தராம்பாள். கச்சேரி மேடை ஆண்டையாகவும் நாடக மேடை அடிமையாகவும் எதிரெதிரே நின்றன. 1933 டிசம்பரில் கிட்டப்பாவை இழந்து வெள்ளை உடுத்திய பெண் அவர். மங்கல காரியங்களின் வாசலில் நிறுத்தப்படும் ஒரு விதவை, கோவில் வாசலில் நிறுத்தப்பட்டவனின் பாட்டைப் பாடினார். அந்தப் படத்துக்கு அவர் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பெற்றதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இதை எழுதக் காணோம். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது. ஓதுவார் மரபில் வந்த தண்டபாணி தேசிகர் பாடினார். இரண்டு படங்களுக்கும் இடையில், 1939 ஜூலை 8ஆம் தேதி, மதுரை மீனாட்சி கோவிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்துவிட்டது. அதே கேள்வியை 1935இல் கேட்டவனும் 1942இல் கேட்டவனும் ஒரே பாட்டைக் கேட்டிருக்க முடியாது.

இங்கே எட்டயபுரத்தில் பிறந்த பாரதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண்டை நந்தனை ஏசும் பாட்டின் மெட்டையும் கருத்தையும் எடுத்து, சுயராஜ்யம் கேட்கும் பாரதவாசியை ஆங்கிலேய உத்தியோகஸ்தன் ஏசுவதாக எழுதினார். கப்பல் கம்பெனி தொடங்கியதும் வ. உ. சி. 1908 மார்ச்சில் கைதானதும் எங்கள் மாவட்டத்தின் நினைவில் இன்றும் சூடாக இருப்பவை. அந்தச் சூட்டில்தான் இந்த மெட்டின் வேகம் முழுதாகப் புரிகிறது. தட்டும் படமும் இல்லாமலேயே, மெட்டு தன் வாசலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் இதில் ஒரு கழித்தலும் உண்டு. வெள்ளைக்காரன் முன்னால் நாம் எல்லோரும் நந்தன் என்று ஆனபோது, ஆதனூர்ச் சேரியின் நந்தன் எந்தக் கணக்கில் எழுதப்பட்டான்? புதுமைப்பித்தன் 1934இல் 'புதிய நந்தன்' என்று கதை எழுதியதும், இந்திரா பார்த்தசாரதி 1978இல் 'நந்தன் கதை' நாடகம் எழுதியதும் இந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் என்று நினைக்கிறேன். 1916இல் சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கியதை இவற்றையெல்லாம்விடப் பெரிய பாஷ்யமாகச் சொல்லலாம். வெளியே நிறுத்தப்பட்டவர்களிடமிருந்து வந்த பாஷ்யம் அது.

நமக்கு ஒரு மைல்ஸ் டேவிஸ் வாய்க்கவில்லை. நந்தனின் பாட்டு, நந்தனின் ஜனங்களால் மாற்றி வாசிக்கப்பட்டு, அதுவே பிரதானத் தட்டாக உலகம் கேட்கும்படி ஆகவில்லை. சபாக்களில் 'வருகலாமோ' கச்சேரியின் பிற்பகுதியில், களைப்புத் தீரும் நேரத்தில், மாஞ்சி ராகத்தின் குழைவுக்காகப் பாடப்படுகிறது. குழைவு உண்மைதான், நானும் அதில் கரைந்திருக்கிறேன். ஆனால் பதில் முன்பே தெரிந்த கேள்வியாக அதைப் பாடுகிறார்கள். உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்.

எனவே சாஸ்திரியமா ஜாஸா என்பதை விட்டுவிட்டு, எந்தப் பதிவையும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். சுந்தராம்பாளின் உச்ச ஸ்தாயியில் ஓர் அதட்டல் இருக்கிறது. அது கெஞ்சலின் குரல் அல்ல, வாசலைத் தட்டுகிற குரல். மைல்ஸின் டிரம்பெட்டில் புயல் இன்னும் கரையேறாமல் நிற்கிறது. டிபெட்டின் தட்டில் நல்ல குரல் இருக்கிறது, வாசல் இல்லை. வாஷிங்டன் அரங்கின் கதவு சில நாட்களே திறந்தது என்பதையும், மதுரைக் கோவிலின் கதவு திறக்க கீர்த்தனை அச்சாகி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும் தெரிந்துகொண்டு இந்தத் தட்டுகளைக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் 'வருகலாமோ' துக்கடாவாக ஒலிக்காது, 'சம்மர்டைம்' தூங்கவும் விடாது.