காவினும் கெத்துபாவும்

கல்முனைக்குடியில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் ஊரார் கேட்கிற கேள்வி, "காவின் எழுதுவது எப்போது?" என்பதுதான். மாப்பிள்ளை தரும் மஹர் எவ்வளவு, பெண் வீட்டார் கொடுக்கும் கைக்கூலி எவ்வளவு என்பதெல்லாம் அப்போது பதிவாகும். காபீன் என்ற பாரசீகச் சொல்லே நமது கரையில் காவின் ஆயிற்று. தமிழ் படிப்பிக்கிற எனக்கு இந்தச் சொல்லில் தனி விருப்பம் உண்டு. நாங்கள் 'கட்டுவது' என்கிறோம்; அவர்கள் 'எழுதுவது' என்கிறார்கள்.

யூதரும் எழுதுகிறவர்களே. அவர்களது திருமண ஒப்பந்தத்துக்குக் கெத்துபா என்று பெயர். 'எழுதப்பட்டது' என்பது அதன் பொருள். அரபு மொழியின் கிதாபும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. கணவன் விலக்கினாலோ இறந்தாலோ மனைவிக்குச் சேரவேண்டிய தொகை அதில் குறிக்கப்படும். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்ட நூல், கன்னிப் பெண்ணுக்கு 200 சூஸ் வெள்ளி, விதவைக்கு 100 சூஸ் என்று குறைந்த அளவை வகுத்திருக்கிறது. மனைவியைக் கைவிடுவது கணவனுக்கு இலேசான காரியமாகிவிடக் கூடாது என்பதே இதற்கு அவர்களின் அறிஞர் கூறிய காரணம்.

அந்தத் தாள் உண்மையிலேயே பயன்பட்டதா? 1961இல் சாக்கடலருகே ஒரு குகையில், யிகாயெல் யாதின் தலைமையிலான ஆய்வாளர்கள் ஒரு தோற்பையைக் கண்டெடுத்தார்கள். பபாத்தா என்ற பெண்ணின் 35 பத்திரங்கள் அதில் இருந்தன. அரமேய மொழியில் எழுதிய அவளது கெத்துபாவும் அவற்றுள் ஒன்று. கணவன் இறந்த பின், தனக்கு வரவேண்டியதற்கு ஈடாக அவனுடைய பேரீச்சந் தோட்டங்களை அவள் பிடித்து வைத்துக்கொண்டாள், விளைச்சலையும் விற்றாள். இத்தனைக்கும் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது! கி.பி. 132 முதல் 135 வரை நடந்த யூதக் கிளர்ச்சியின்போது உயிர் தப்ப ஓடியவள், பத்திரப் பையையும் கையோடு எடுத்துச் சென்றிருக்கிறாள்.

பிற்காலத்தில் யூதர் சிதறிச் சென்ற நாடுகளிலெல்லாம் கெத்துபா அந்தந்த நாட்டு உடையை உடுத்திக்கொண்டது. இத்தாலியில் தோற்சுருளில் ஓவியம் தீட்டினார்கள். இஸ்பஹானில் பாரசீகத்தின் சிங்கமும் சூரியனும் இடம்பெற்றன. ஹிராத்தில் பள்ளிவாசல் மிஹ்ராபை நினைவூட்டும் வளைவுகளை வரைந்தார்கள். நமக்கு அருகிலுள்ள கொச்சியிலோ யூத மணமகளின் கழுத்தில் தாலியும் ஏறியது. கிழக்கிலங்கை முஸ்லிம் திருமணங்களிலும் தாலி கட்டும் வழக்கம் இருந்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம். கொச்சித் தொழுகைக் கூடங்களில் தோராச் சுருளை வெள்ளித் தகடு பொதிந்த பேழையில் வைத்து, மேலே முடி சூட்டினார்கள். பெண்கள் மலையாளத்தில் கலியாணப் பாட்டுகள் பாடி, அவற்றைக் கொப்பிகளிலும் எழுதி வைத்தார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கொப்பிகளும் கூடவே போயின.

இவற்றின் அழகைப் பேசுவோர் பலர். என்னை நிறுத்தி வைத்தது வேறொரு விதி. கெத்துபா தொலைந்துவிட்டால், புதிதாக ஒன்றை எழுதும்வரை கணவனும் மனைவியும் சேர்ந்து வாழக் கூடாது என்கிறது யூதச் சட்டம். தாள் தொலைந்ததற்கு அவள் ஏன் நட்டப்பட வேண்டும்?

ஆயினும் மரபான கெத்துபாவில் கையெழுத்திடுவோர் இரு சாட்சிகள், மணப்பெண் அல்லள். நமது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் மணப்பெண்ணின் கையெழுத்தைக் கேட்கவில்லை. அவளுக்காக எழுதப்படும் பத்திரத்தில் அவளுடைய கைக்கு இடமில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கல்முனைக்குடிப் பெண்ணின் உண்மையான கெத்துபா அவளுடைய வீடுதான். பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். கரையோரத் தமிழரிடமும் இதுவே வழக்கம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வீட்டோடு காணி உறுதியும் காவின் பத்திரமும் போயின. பின்னர் கிழக்கில் பல இடங்களில் புது வீட்டின் பத்திரம், குடும்பத் தலைவர் என்று கணவனின் பெயரில் எழுதப்பட்டது. தாய் கொடுத்த வளவை இழந்தவள், அந்த வீட்டுக்குள் அவனுடைய மனைவியாகக் குடிபுகுந்தாள்.