பக்கத்து வெளிச்சத்தின் வேலை

"என்ர கண்ணால கண்டனான்" என்று நாங்கள் அடிச்சுச் சொல்லுறம். கண்ணை ஒரு கமரா மாதிரித்தான் நினைக்கிறம்.

1865இல் ஒஸ்திரியப் பௌதிகவியலாளர் ஏர்ன்ஸ்ட் மாக் வேறுமாதிரி யோசித்தார். வெளிச்சம் படிப்படியாக மங்கும் இடத்தின் இரு ஓரங்களிலும், உண்மையில் இல்லாத பட்டிகள் தெரிவதைக் கவனித்தார். விழித்திரையின் அயற்புள்ளிகள் ஒன்றையொன்று அடக்குகின்றன என்று ஊகித்தார். அதை நரம்பில் அளந்து பார்க்க அப்போது வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கரான ஹார்ட்லைன் குதிரைலாட நண்டின் கண்ணில் அதை அளந்தார். பக்கத்து அலகில் வெளிச்சம் பட்டால், இந்த அலகின் நரம்புத் துடிப்பு குறைந்தது.

மாக்கின் ஊகத்துக்குச் சரியாக நூறு வருசம் கழித்து, 1965இல், ஹியூபலும் வீசலும் பூனையின் மூளையில், பார்வைப் புறணியில், இதைப்போல ஒன்றைக் காட்டினார்கள். சில கலங்கள் ஒரு குட்டைக் கோட்டுக்குப் பலமாகத் துடித்தன. அதே கோடு எல்லை தாண்டி நீண்டதும் அடங்கிப்போயின.

ஒரு கலம் தனக்கு முன்னால இருப்பதை மட்டும் சொல்லுறதில்லை. அயலோட அது எவ்வளவு வேறுபடுது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுது. எங்கட கண்சாட்சியிலும் அந்த அயல் எப்பவோ கலந்துதான் இருக்கு.